இரண்டு பக்கமும் ஓடிய ஊர்

எங்கள் ஊருக்குச் சரித்திரம் எழுத யாரும் வந்ததில்லை. வந்திருந்தால் நான் ஒரே வரியில் சொல்லி அனுப்பியிருப்பேன்: ஓடினோம், திரும்பி வந்தோம்.

கல்முனையிலிருந்து தெற்கே வரும் பஸ்ஸில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் எங்கள் ஊர் கடந்துவிடும். கிழக்கே கடல். மேற்கே நெல்வயல், அதை நாங்கள் வட்டை என்போம். நடுவே பெரிய ரோட்டு, ஒரு பள்ளிவாசல், ஒரு பாடசாலை, இரண்டு பேக்கரி, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒழுங்கைகள் எல்லாம் கடற்கரையில் போய்த்தான் முடியும். ஒன்றில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று யாருடையதோ வாசலுக்குள் ஏறி ஒதுங்க வேண்டும்.

பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நாங்கள் என்றால் ஒரு சிரிப்பு. எங்கள் ஊரில் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் மூக்கை வெளிப்பக்கம் திருப்பி வைப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. என் கணவர் மருதமுனைக்காரர். கல்யாணத்தன்று அவருடைய ஆட்கள் வாசலில் நின்று, "உங்கட ஊராக்கள் சோத்துக்குக் குந்தக்குள்ளயும் ஓடுறதுக்குத்தான் ரெடியா இரிக்கிற" என்று சொல்லிச் சிரித்தார்கள். என் வாப்பா கோபப்படவில்லை. "இரிக்கணும் மகன், இரிக்கணும்" என்றார். நானும் இந்த ஊர்ப்பிள்ளைதான். நான் பயந்தவள். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மூத்தவர்களுக்கு நினைவிருக்கும் முதல் ஓட்டம் சூறாவளியில். தென்னைகள் முறிந்து விழ விழ, கல்லால் கட்டிய ஒரே இடம் பள்ளிவாசல் என்று ஊரே அதற்குள் ஓடியதாம். எனக்கு நினைவிருக்கும் ஓட்டங்கள் அதற்குப் பிறகு, பிரச்சினைக் காலத்தில். அப்போது பயம் மேற்கிலிருந்து வந்தது. வட்டைக்கு அப்பால் வெடிச்சத்தம் கேட்டால் உம்மா எங்களை இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடுவார். கரையில் ஏற்றி வைத்த தோணிகளின் மறைவில் மணலில் குப்புறக் கிடப்போம். கடல் எங்களுக்குக் காவல் என்று நம்பினோம். அதே நேரத்தில் வட்டைக்கு அப்பால் இருந்த தமிழ் ஊர்களில், எங்கள் பக்கத்துக்குப் பயந்து பிள்ளைகள் குப்புறக் கிடந்தார்கள் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரிந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, காவல் என்று நம்பிய கடலே எழுந்து வந்தது.

என் தங்கை எனக்கு முன்னால் வாசலைத் தாண்டியிருந்தாள். "தலையில ஒன்டப் போட்டுட்டு வா புள்ள" என்றார் உம்மா. அது யோசித்துச் சொன்னதல்ல. எங்கள் ஊரில் வாசலைத் தாண்டும் மகளைக் கண்டால் ஒவ்வொரு உம்மாவின் வாயும் தானாகச் சொல்லிவிடுகிற வார்த்தை அது. தங்கை உள்ளே திரும்பினாள். நானும் உம்மாவும் வாப்பாவும் பள்ளிவாசல் மாடியில் ஏறித் தப்பினோம். அவளைப் பிறகு வட்டைக்குள் கண்டெடுத்தார்கள். கையில் துணி சுற்றியிருந்ததாம். நான் பார்க்கவில்லை, பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகு உம்மா எந்தப் பெண்பிள்ளையிடமும் தலையை மூடச் சொன்னதில்லை, என் மகளிடம்கூடச் சொன்னதில்லை. இதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கதைத்ததும் இல்லை.

அப்படியென்றால் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அரசாங்கமும் அப்படித்தான் கேட்டது. கடலிலிருந்து ஒரு கோடு போட்டு, அதற்கு இப்பால் வீடு கட்டக் கூடாது என்றது. சிலருக்கு மேற்கே வீடும் கொடுத்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் வளவும் வீடும் பெண்ணுக்குரியவை. ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். உம்மாவின் வளவு அவருடைய உம்மா கொடுத்தது. அதில் பாதியை எனக்குத் தந்தார். மற்றப் பாதி தங்கைக்கு என்று ஒதுக்கியது, இன்றுவரை அதில் யாரும் கல் வைக்கவில்லை. அதை விட்டுவிட்டு எங்கே போவது? கோடு தேய்ந்தது, நாங்கள் திரும்பி வந்தோம். வந்து, பழையபடி பயந்துகொண்டு இருந்தோம்.

எங்கள் பயத்துக்கு ஒரு சத்தம் உண்டு. பாங்கு சொல்லாத நேரத்தில் பள்ளிவாசல் மைக்கை யாராவது தட்டும் சத்தம். யாரோ இறந்துபோன மௌத்து அறிவித்தலாக இருக்கலாம், தொலைந்த ஆட்டைப் பற்றியதாக இருக்கலாம். ஆனால் "டக், டக்" என்று கேட்டதும் அடுப்படியில் கை நின்றுவிடும், கடைக்காரன் தராசை நிறுத்திவிடுவான், ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்கும். ஒருமுறை பாதிப்பேர் வார்த்தை வரும்வரை காத்திருக்காமல் ஓடிவிட்டார்கள். அதன்பிறகு நிர்வாகத்தினர் ஒரு சட்டம் போட்டார்கள்: மைக்கைத் தட்டிப் பார்க்கக் கூடாது, நேரே பேச்சைத் தொடங்க வேண்டும்.

வாப்பா சென்ற வருடம் மௌத்தானார். உம்மா இத்தாவில் உட்கார்ந்தார். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், அந்நிய ஆண்களின் பார்வையில் படக்கூடாது. உம்மா வெள்ளை உடுத்தினார். தன் அறை ஜன்னலுக்குச் சீலை தொங்கவிட்டார். கதவுக்கும் ஒன்று. கடலுக்குப் பக்கத்து அறை அது.

அந்நிய ஆண்கள் என்ற கணக்கில் மருமகன் வரமாட்டார். மருமகன் மகன் மாதிரி, முன்னால் வரலாம், கதைக்கலாம் என்றுதான் மார்க்கம் சொல்கிறது. ஆனால் எங்கள் ஊர் மார்க்கத்தைவிட ஒரு முழம் கூடுதலாக வெட்கப்படும். என் கணவர் இந்த வீட்டுக்கு வந்து, என் மகள் பெரியவளான பிறகும், உம்மா அவருடைய முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கதைத்ததில்லை. "சோறு ஆறுது" என்று சுவரிடம் சொல்வார். "இன்டைக்கு வட்டையில வேல, நேரமாகும்" என்று இவர் மின்விசிறியிடம் சொல்வார். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருந்தார்கள். நடுவே நான் தபால்காரி.

இத்தா தொடங்கிய அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு பயம்தான். நான் டீச்சர், படிப்பிப்பது வட்டைக்கு அப்பால் சவளக்கடைப் பக்கத்தில், கடலுக்கு எட்டாத தூரத்தில். மகள் வெளியூரில் படிக்கிறாள். பகலில் வீட்டில் உம்மா தனியே. நடக்க முடியும், ஓட முடியாது, முழங்கால் வீக்கம். ஏதாவது நடந்தால் அவரை ஏற்றிப்போக இருப்பது என் கணவரின் மோட்டார் சைக்கிள் மட்டும்தான்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "கடல் வந்தா என்ன செய்வீங்க உம்மா?"

"அல்லாஹ் இரிக்கான்."

"அல்லாஹ் இரிக்கான்தான். மோட்டச்சைக்கிளும் இரிக்கி. ஏறிப் போவீங்களா?"

"அந்தப் புள்ளைட முதுகப் பிடிச்சிட்டா? பெரிய ரோட்டாலயா? இத்தாவோடயா?" என்று உம்மா சிரித்தார். "அதுக்கு மௌத்தாகிப் போகலாம்."

நான் சிரிக்கவில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் இத்தாவில் இருப்பவரும் வெளியே வரலாம் என்று மௌலவியிடம் கேட்டு வந்து சொன்னேன். உம்மா நன்றாகத் தலையாட்டினார். அவர் தலையாட்டுகிற விதம் எனக்குத் தெரியும். தலை சரி என்றது, ஆள் அசையவில்லை. அந்த மாதங்களில் நான் வகுப்பில் நின்றுகொண்டே கடலுக்குக் காது கொடுத்தேன். அங்கிருந்து கடல் கேட்காது. கேட்காத சத்தத்தைக் கேட்டுக்கேட்டுக் களைத்தேன்.

மாரி மழைக்கு முந்திய ஒரு காலையில் அது வந்தது. இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். கிழக்கேயிருந்து ஒரு திரீவீல் ஹார்னை அடித்துக்கொண்டே வந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு ஒரு ட்ரக்டர், பெட்டி நிறையப் பெண்கள். ஒரு பெண் எங்கள் கேற்றைப் பார்த்துக் கத்தினாள், "கடல் வருது! கடல் வருது!"

என் கை ஃபோனில் கணவரின் நம்பரை எப்படி அழுத்தியது என்று தெரியாது. லைன் கிடைக்கவில்லை. மறுபடியும் இல்லை. ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் எல்லோரையும் அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் அதிபர் தமிழ் ஆள், அந்தப் பக்கத்தையே சேர்ந்தவர். நான் ஸ்கூட்டியின் சாவியை எடுப்பதைக் கண்டு குறுக்கே வந்து நின்றார். "டீச்சர், போகாதீங்க. இஞ்ச வராது. இஞ்சயே நில்லுங்க."

"உம்மா இத்தால இரிக்காங்க சேர். வெளிய வரமாட்டாங்க."

அவர் தானே போய்க் கேற்றைத் திறந்துவிட்டார்.

ஊருக்குப் போகும் வழியில், கிட்டங்கி என்ற இடத்தில் ரோட்டு ஒடுங்கியது, இரண்டு பக்கமும் தண்ணீர். முழு ஊர்களும் மேற்கே வந்துகொண்டிருந்தன, நான் ஒருத்தி கிழக்கே. ஒரு மோட்டார் சைக்கிளில் நான்கு பேர். ஒருவர் மடியில் ஆட்டுக்குட்டி. ஒரு பெண் கழுவாத சட்டியோடு வந்தாள், மீன்கறி இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. "திரும்புங்க! திரும்புங்க!" என்று கை காட்டினார்கள். வெள்ளை உடுத்த ஒவ்வொருவரையும் பார்த்தேன். ஒருவரும் உம்மா இல்லை. யா அல்லாஹ், அவர் ஏறியிருக்கட்டும், மானம் போனாலும் பரவாயில்லை, ஏறியிருக்கட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். எதிரே வந்தவர்களுக்குப் பைத்தியமாகத் தெரிந்திருப்பேன்.

எங்கள் ஊருக்குள் நுழைந்தபோது சத்தமே இல்லை. அப்படி ஒரு அமைதியை அங்கே நான் கேட்டதில்லை. கடைகள் திறந்தபடி, தராசில் பாதி நிறுத்த வெங்காயம். ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்து விசிலடித்துக் கருகிய வாசனை ரோட்டுவரை வந்தது. எங்கள் ஒழுங்கையின் தலைப்பில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். உண்மையைச் சொன்னால், நிறுத்தவில்லை, கை மறுத்துவிட்டது. அந்த முனையில் கடல். அலையின் இரைச்சல் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தேன்.

வீட்டு வாசல் திறந்து கிடந்தது.

"உம்மா!"

அறையின் சீலை ஒரு பக்கம் அறுந்து தொங்கியது. தொழுகைப் பாய் விரித்தபடி, அதன்மேல் தஸ்பீஹ் மணிமாலை, மூக்குக் கண்ணாடி. கண்ணாடி இல்லாமல் உம்மாவுக்கு நான்கு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். குளியலறையில் பார்த்தேன். தங்கையின் பாதி வளவில் பார்த்தேன். கிணற்றுக்குள் பார்த்தேன். ஏன் கிணற்றுக்குள் என்று கேட்காதீர்கள். பார்வையில் படாமல் ஒளிந்துகொள்ள ஒரு பெண் எங்கேயெல்லாம் போவாள் என்று எங்கள் ஊரில் பிறந்தவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் கடலைப் பார்த்தேன், கிணற்றடியிலிருந்து. அது இருந்த இடத்திலேயே இருந்தது. சின்ன அலை, வழமையான நுரை, கரையில் ஒரு நாய்.

நம்ப முடியாமல் பள்ளிவாசலுக்கு ஓடினேன். கேற்றடியில் மோதினார் தனியே நின்றார். பாங்கு சொல்லும் அந்த மனிதர் சின்னப்பிள்ளை போல அழுதுகொண்டிருந்தார்.

"டீச்சர், நாளைக்குப் பைப்புத் தண்ணி வராதென்டு செல்லத்தான் போன. மைக்கு வேலை செய்யல்ல போல கிடந்திச்சு. ரெண்டு தட்டுத் தட்டின. அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்ட்டு. நான் வெளிய வந்து கத்துறன், ஒருத்தரும் நிக்கல்ல."

அவ்வளவுதான். இரண்டு தட்டு, பிறகு மௌனம். வேறு எந்த ஊரிலும் அதற்கு யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு அந்த மௌனமே போதுமாயிருந்தது. தட்டியவரையே அலை கொண்டுபோய்விட்டது என்று நினைத்திருப்பார்கள். கோபம் கோபமாக வந்தது, அவர் மேலும் ஊர் மேலும். ஆனால் உம்மா எங்கே?

ஃபோன் அடித்தது. கணவர்.

"எங்க நிக்கிற?"

"ஊருக்குள்ளதான். உம்மா எங்க? உம்மா எங்க மச்சான்?"

"என்னோடதான். உன்ட பள்ளிக்கூடத்துல இரிக்கம். உன்னத் தேடித்தான் வந்த. வட்டைக்குள்ளால வந்தம்."

அப்படியே பள்ளிவாசல் கேற்றடி மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். மோதினார் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

நான் திரும்பிப் போனபோது எங்கள் ஆசிரியர் அறைக் கதவுக்கு வெளியே அதிபர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், சிப்பாய் மாதிரி. ஆண் ஆசிரியர்களை எல்லாம் மரத்தடிக்கு அனுப்பியிருந்தார். உள்ளே, மேசைகளுக்கு நடுவே ஒரு கதிரையில், வெள்ளைச் சீலையோடு உம்மா. தலையில் என் கணவரின் கறுப்பு ஹெல்மெட். கண்ணாடி மூடி இழுத்துச் சாத்தியபடி.

"உம்மா, அதக் கழட்டுங்களன்."

"வெளிய ஆம்புள ஆக்கள் இரிக்காங்க" என்றது ஹெல்மெட்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தப் பிளாஸ்டிக் மண்டையைக் கட்டிப்பிடித்து அழுதேன். மூடிக்குள் உம்மாவின் மூச்சு புகையாகப் படிந்திருந்தது.

நடந்ததைக் கணவர் வெளியே நின்று சொன்னார். அவர் வட்டையிலிருந்து ஓடி வரும்போது ஒழுங்கையில் ஆள் இல்லை. உம்மா தொழுகைப் பாயில் உட்கார்ந்திருந்தார். "மாமி, எழும்புங்க" என்று அவர் முதல்முறையாக முகம் பார்த்துச் சொல்லியிருக்கிறார். உம்மா சுவர்ப்பக்கம் திரும்பி, "அவரப் போகச் செல்லுங்க" என்று யாருமில்லாத வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார். இவர் கெஞ்சியிருக்கிறார், கதவுச் சீலையைப் பிடித்து அறுத்திருக்கிறார், சத்தம் போட்டிருக்கிறார். உம்மா அசையவில்லை. பிறகு இவர் வாசற்படியில் உட்கார்ந்து, சாவியை முற்றத்தில் எறிந்துவிட்டார். "அப்ப நானும் இஞ்சதான் மாமி."

"கொஞ்ச நேரத்தால எழும்பி வந்தாங்க. வாசல்ல வந்து, தலைக்கு ஒன்டு எடுக்க உள்ளுக்குத் திரும்பப் பார்த்தாங்க. நான் விடல்ல. என்ட ஹெல்மெட்ட மாட்டிட்டன்."

நான் அவருடைய முகத்தையே பார்த்தேன். "உம்மா எழும்பாட்டி உண்மையாவே இருந்திருப்பீங்களா?"

"எழும்பிட்டாங்கதானே" என்றார். அவர் விளையாட்டுக்கு உட்காரவில்லை என்று அப்போது விளங்கியது. அதுவரை உம்மாவை நினைத்து மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன்.

பின்நேரம் ஊர் திரும்பியது, ஒவ்வொருவராக, மற்றவரைக் குறை சொல்லிக்கொண்டு, தாங்கள் கடைசியாகத்தான் ஓடினோம் என்று சத்தியம் பண்ணிக்கொண்டு. உம்மா தன் அறைக்குப் போனார். நான் அறுந்த சீலையை மறுபடி கட்டினேன். கட்டிக்கொண்டே கேட்டேன், "மௌத்தாகலாம் என்டீங்களே உம்மா. பொறகு என்னத்துக்கு எழும்பின?"

உம்மா பாயைத் தட்டி விரித்தார்.

"நான் போனா நீ அழுவாய். அழுதுட்டு எழும்பி வேலைக்குப் போவாய்" என்றார். "வாசப்படியில குந்தின அந்தப் புள்ள போனா நீ இந்த அறைக்குள்ள, இந்தப் பாயில வந்து குந்தணும். இதுக்குள்ள எப்பிடி இரிக்குமென்டு எனக்குத்தான் தெரியும் புள்ள."